துவைத்த துணியைத் துவைத்த மைக் அக்கா

தெருவே அவளை மைக் அக்கா என்றுதான் கூப்பிட்டது. புருஷனோடு சேர்ந்து முப்பது வருடம் மாவு மில் நடத்தியவள். மெஷின் ஓடும்போது கத்தினால்தான் காதில் விழும். மெஷின் நின்ற பிறகும் அவள் தொண்டை நிற்காது. அவள் வீட்டில் உப்பு தீர்ந்தால், கேட்காமலேயே நாலு வீடு தள்ளியிருந்து உப்பு வந்துவிடும்.

வெளிநாட்டில் இருந்த மகள், இருவரையும் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். கூடவே ஒரு குண்டையும் போட்டாள்.

"அம்மா, இங்க சுவரெல்லாம் அட்டை மாதிரி. கீழ்வீட்டுக்காரர் ரெண்டு தடவை புகார் பண்ணா, நம்மளக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. மெதுவாப் பேசப் பழகிட்டு வாங்க."

மில்லை விற்றதும் விசா வாங்கியதும் பெரிய பாடில்லை. மெதுவாகப் பேசுவதுதான் பெரும்பாடு. சண்டையைப் போய்க் குசுகுசுவென்று போட முடியுமா? மைக் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு திட்டிப் பழகினாள். வார்த்தைக்கு வார்த்தை மல்லுக்கு நிற்கும் புருஷன், சிரித்த முகத்தோடு "சரி, சரி" என்று தலையாட்டினார். இந்த வயதில் இந்த ஆளுக்குப் புத்தி வந்துவிட்டதா? அவளுக்குச் சந்தேகம் தட்டியது. எதிரில் நின்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"ஏங்க, வீடு பத்திக்கிட்டு எரியுது."

"ஆகட்டும், ஆகட்டும். நாளைக்குப் பாத்துக்கலாம்."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மில் இரைச்சல் அவர் காதை எப்போதோ தின்றுவிட்டது. அவள் கத்திக்கொண்டே இருந்ததால் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கே தெரியவில்லை. டாக்டர் என்ற பேச்சை எடுத்தாலே எகிறுகிற ஆள். செவிடன் என்று பெயரெடுப்பதைவிட, பெண்டாட்டிக்கு அடங்கினவன் என்று பெயரெடுப்பது தேவலை என்று நினைத்திருக்கிறார், பாவி மனுஷன். மைக் அக்கா வாழ்நாளில் காப்பாற்றிய முதல் ரகசியம் அதுதான்.

போய் இறங்கிய வாரமே, அவர் காதில் விழட்டும் என்று ஒருநாள் குரலை உயர்த்தினாள், கீழ்வீட்டிலிருந்து முதல் புகார் வந்தது. மகள் அழாத குறை.

"அப்பாவப் பாரும்மா, எவ்வளவு அமைதியா இருக்காரு!"

அமைதியாகத்தான் இருந்தார். வந்ததிலிருந்து சோபாவில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லி அவள் தப்பித்திருக்கலாம். "என் தொண்டை அப்படிடி" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் துணி துவைக்கக் கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போனாள். வரிசையாகத் துவைக்கும் மெஷின்கள், எல்லாம் ஒன்றாக ஓடின. பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் கேட்காத இரைச்சல். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாடிக்கு ஓடிப்போய்ப் புருஷனைக் கையோடு இழுத்து வந்தாள்.

அன்றிலிருந்து தினமும் அங்கேதான் ஜாகை. அழுக்குத் துணி இல்லாத நாளில் துவைத்ததையே மறுபடியும் துவைத்தாள். மகளின் சட்டைகள் எல்லாம் வெளுத்துப்போயின. தொண்டைத் தண்ணி வற்ற இருவரும் சண்டை போட்டார்கள். அவர் பழையபடி எதிர்த்துப் பேசினார், பாதி நாள் ஜெயிக்கவும் செய்தார்.

ஒருநாள் பேச்சின் நடுவில் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று வாய்க்குள்ளேயே கேட்டார்.

உதட்டசைவிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் காதருகே கையை வைத்துக்கொண்டு, அவர் பக்கம் சாய்ந்தாள்.

"ஒண்ணும் கேக்கலைங்க! சத்தமாச் சொல்லுங்க!"