கொறற்றியின் பத்து மணி

மரியகொறற்றிக்கு இருபது வயது. பிறந்த நாளிலிருந்து ஓரிடத்தில் இருந்தறியாதவள் என்று தாய் சொல்வாள். அதில் மிகை கொஞ்சம்தான். பிரெஞ்சுத் தலைநகரை ஒட்டிய பொண்டியில் ரயில் ஏறினால், பெட்டி காலியாகக் கிடந்தாலும் கதவோரத்தில் நின்றுகொண்டுதான் வருவாள். சனிக்கிழமைகளில் தமிழ்க் கடைத்தெருவான ரூ காயில் ஒரு சேலைக்கடையில் வேலை. வந்தவர் ஒரு சேலையைப் பார்த்து முடிக்குமுன் நாலு சேலையை விரித்துப் போட்டிருப்பாள். முதலாளிக்கு அது பிடிக்கும், யார் மடித்து வைப்பது என்ற பேச்சு வரும்வரை.

இப்படிப்பட்டவளைப் பல்கலைக்கழகம் ஆறு மாதம் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பியது. படித்தது எவ்வளவோ, திரும்பும்போது லக்ரோஸ் என்ற விளையாட்டோடு வந்து சேர்ந்தாள். நீளத் தடி, அதன் நுனியில் வலைப்பை. அதில் பந்தை ஏந்தி ஓடி, எறிந்து, கோல் போட வேண்டும். ஓட்டம், மறுபடியும் ஓட்டம். இவளுக்கென்றே யாரோ இருந்து யோசித்தது போல. அந்தத் தடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரூ காயில் நடந்தால், சாப்பாட்டுக் கடை இராஜேந்திரன் வாசலுக்கே வந்துவிடுவார்.

"என்ன பிள்ளை, வடை அள்ளுற கரண்டி இவ்வளவு நீளமோ?"

"ஓம் அண்ணை. உங்கடை எண்ணெய்க்குக் கிட்டப் போகேலாது, அதுதான்."

போன செப்டம்பரில் பல்கலைக்கழகத்தில் பெண்கள் அணி ஒன்றைத் தொடங்கினாள். எட்டுக் கையெழுத்து இருந்தால்தான் அணி என்று விளையாட்டுப் பிரிவில் சொன்னார்கள். ஆர்ஜொந்தெய்யில் இருக்கும் பெரியம்மா மகள் தர்மிளாவும் அவளுடைய இரண்டு தோழிகளும் கையெழுத்துப் போட்டார்கள். வகுப்பிலிருந்து சாண்ட்ராவும் மூன்று பிரெஞ்சுப் பெண்களும் வந்தார்கள். ஓடச் சோம்பல் என்று தர்மிளா முதலிலேயே சொல்லிவிட்டதால் அவளைக் கோல் காக்க வைத்தாள்.

முதல் ஆட்டம் ஒக்டோபரில், காலை பதினொன்றுக்கு. கொறற்றி எல்லோரையும் ஒன்பது மணிக்கு வரச் சொன்னாள். அவள் வளர்ந்த வளர்ப்பு அப்படி. எங்கள் சனத்தின் விழாக்களில் அழைப்பிதழில் ஆறு என்று இருந்தால் மண்டபம் நிரம்ப எட்டாகும்; அது தெரிந்துதானே ஆறு என்று அச்சடிப்பது! யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை, கணக்கு இரண்டு பக்கத்துக்கும் தெரியும். தர்மிளாவும் தோழிகளும் சரியாகப் பதினொன்றுக்கு வந்து இறங்கினார்கள்.

பாவம், சாண்ட்ராவுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அவளும் தமிழ்தான், பாண்டிச்சேரிக் குடும்பம். ஆனால் தகப்பன் பிரெஞ்சுப் படையில் இருந்தவர்; அந்த வீட்டில் ஆறு என்றால் ஆறு. அவளும் மூன்று பிரெஞ்சுப் பெண்களும் பூட்டிய கேற்றுக்கு முன்னால், கொறற்றி வரும்வரை, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் மழையில் நின்றார்கள். ஆட்டம் பத்தொன்பதுக்குப் பூச்சியம். தோற்றதற்கு யாரும் கோபிக்கவில்லை. "நீ எங்களிடம் பொய் சொன்னாய்" என்று இரண்டு பெண்கள் தடியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சாண்ட்ரா போகவில்லை. ஆனால் அதன்பின் கொறற்றி எந்த நேரம் சொன்னாலும், "உண்மையாகவா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வி கொறற்றியைத் தைக்கும்.

மிஞ்சியது ஆறு பேர். களத்தில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்தான் ஆடுவது. ஐந்துக்குக் குறைந்தால் ஆட்டம் கிடையாது. நவம்பரில் காய்ச்சலால் ஒரு ஆட்டம் கைவிட்டுப் போனது. ஜனவரியில் வயதுக்கு வந்த ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டால் இன்னொன்று. விளையாட்டுப் பிரிவில் இருந்த மதாம் மர்கரீத் பாண்டிச்சேரிக்காரி. கொறற்றியைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். கொறற்றி எழுந்து நின்றுகொண்டாள்.

"இன்னும் ஒரு ஆட்டம் ஃபொர்ஃபே, ஆடாமலே தோல்வின்னு ஆச்சுன்னா, அணியோட பதிவு, அந்தத் தொசியேவையே மூடிடுவாங்கம்மா. மைதானமும் போயிடும். குறிச்ச நேரத்துக்குக் கால் மணி தாண்டித் தொடங்கினாலும் அது ஃபொர்ஃபேதான், ஞாபகம் வச்சுக்க."

மார்ச் ஆட்டம் லீல் நகரத்து அணியோடு, பதினொன்றுக்கு. இந்த முறை பொய்யே இல்லை என்று கொறற்றி முடிவு கட்டினாள். வட்சப்பில் "பத்து மணி" என்று போட்டாள். கடையில் லீவு சொல்லிவிட்டு ஒன்பதுக்கே மைதானத்துக்குப் போய், கோல் கோட்டுக்கும் கேற்றுக்குமாக நடந்தாள். பத்துக்கு சாண்ட்ரா வந்தாள், மிஞ்சியிருந்த பிரெஞ்சுப் பெண்ணும் வந்தாள். பத்தரைக்கு லீல் அணி வந்தது. தர்மிளாவின் காரையும் அதிலிருக்க வேண்டிய மூன்று பேரையும் காணவில்லை.

கொறற்றி தர்மிளாவுக்குப் போன் போட்டாள். சாதாரணமாக அவர்கள் இரண்டு பேரும் பிரெஞ்சில்தான் கதைப்பார்கள். சண்டை என்றால் தமிழ் வந்துவிடும்.

"எங்கை நிக்கிறாய் தர்மிளாக்கா?"

"லா ஷபெல் சலூனிலை. புருவம் எடுக்கிறன். ஏன்?"

"பத்துக்கு வரச் சொன்னனான் எல்லோ!"

"ஓம், பத்துத்தானே. பன்னிரண்டுக்கு முதல் நிப்பம்."

"மட்ச் பதினொண்டுக்கு, அக்கா!"

"நீ எப்பவும் ரெண்டு மணித்தியாலம் முந்திப் போடுறனி தானே?"

"இந்த முறை உண்மையைப் போட்டனான்!"

"அப்ப உண்மை எண்டு அதிலை போட்டிருக்கலாமே!"

கொறற்றி போனை வைத்துவிட்டு மறுபடியும் கேற்றுக்கு ஓடினாள். பதினொன்றானது. பதினொன்றே கால். லீல் அணித் தலைவி நினைத்திருந்தால் வெற்றி என்று எழுதிக்கொண்டு ரயில் ஏறியிருக்கலாம். "ஆடத்தானே இவ்வளவு தூரம் வந்தோம், காத்திருக்கிறோம்" என்றாள். பதினொன்று நாற்பதுக்கு, ஒரு புருவம் மெல்லிசாகவும் மற்றது காடாகவும், தர்மிளா கோலுக்குள் ஓடினாள். அவள் ஓடியதை அன்றுதான் அணி கண்டது.

தோற்றார்கள், பதினொன்றுக்கு மூன்று. ஆனால் அந்த மூன்றும் அணி பிறந்த நாளிலிருந்து போட்ட முதல் கோல்கள். சாண்ட்ரா இரண்டு, கொறற்றி ஒன்று. தர்மிளா தலைக்கவசத்தோடேயே வந்து கட்டிப்பிடித்ததில் கொறற்றியின் மூக்கு நசுங்கியது.

ஆட்டத் தாளை உள்ளூர் அணித் தலைவி, அதாவது கொறற்றிதான், நிரப்ப வேண்டும். தொடங்கிய நேரம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. "பதினொன்று என்று எழுது, எங்களுக்கு ஒன்றுமில்லை" என்றாள் லீல் தலைவி. எழுதினால் அணி பிழைக்கும், யாருக்கும் தெரியப் போவதுமில்லை. பக்கத்தில் சாண்ட்ரா துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். தாளையே பார்த்தாள். கொறற்றிக்கு அந்த ஒக்டோபர் மழை ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. 11.40 என்று எழுதி, மனம் மாறுமுன் கையெழுத்தையும் போட்டாள்.

திங்கட்கிழமை மதாம் மர்கரீத் தாளைப் பார்த்து நெற்றியில் கை வைத்தாள். "ஏம்மா, பதினொண்ணுன்னு எழுதியிருந்தா யாரு கேக்கப் போறா?"

"நீங்களும் கேட்டிருக்க மாட்டீங்கள் மதாம். சாண்ட்ராவும் 'உண்மையாகவா' எண்டு இனிக் கேட்டிருக்க மாட்டாள், என்னை நம்பிறதையே விட்டிருப்பாள். அதுதான் எழுதேலாமல் போச்சு."

"மூடித்தான் ஆகணும். செப்தாம்பர்ல புதுசா போடு. திரும்ப எட்டு கையெழுத்து வேணும்." புதிய படிவம் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

மைதானம் போய்விட்டது. கொறற்றி வட்சப்பில், "செவ்வாய், லா வில்லெத் பூங்கா, ஆறு மணி" என்று மட்டும் போட்டாள். ஐந்தரைக்கே போய்ப் புல்வெளியை எட்டுத் தரம் சுற்றினாள். அணியே இல்லாத அணிக்கு யார் வரப்போகிறார்கள் என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. இன்றைக்குக் காத்திருந்து ஏமாறப்போவது நான்தான், வேண்டும் எனக்கு, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்க சாண்ட்ரா வந்தாள். அவளோடு அந்தப் பிரெஞ்சுப் பெண்ணும், ஒக்டோபரில் தடியைக் கொடுத்துவிட்டுப் போன இருவரும். சாண்ட்ரா ஆட்டத் தாளைப் படமெடுத்து அவர்களுக்கு அனுப்பியிருந்தாளாம். இருவரும் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். கொறற்றி கண் கலங்கியதை மறைக்கக் குனிந்து சப்பாத்து நூலை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

நிமிர்ந்தபோது தர்மிளா எதிரில் நின்றாள், இரண்டு பக்கமும் தோழிகள். அந்த ஒரு புருவம் இன்னும் காடாகவே இருந்தது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய் கொறற்றி?" என்றாள். "ஆறு மணியாச்சு. தொடங்கு."