கருவாட்டுக்குக் கூண்டு

பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவு அருகே கேரவனை நிறுத்தியதும் மழை பிடித்துக்கொண்டது. கூரையில் அது கொட்டும் சத்தமும், மகள் காலையில் வாங்கிய கருவாட்டின் வாசனையும் சேர்ந்து என்னைப் பழைய கூண்டு வண்டியில் ஏற்றிவிட்டன.

வருஷம் உறுதியில்லை. மாதம் ஐப்பசி. காட்டூரிலிருந்து நெல் கொண்டுபோய், ஏரிக்கரை ஊர்களில் கருவாட்டுக்கு மாற்றிக்கொண்டு திரும்பினோம். அடைமழைக் காலம் முழுக்க எங்களுக்கு அதுதான் குழம்பு. பழவேற்காட்டு டச்சுக் கல்லறை அருகே மழை வலுத்தது. கூண்டு ஒரு பக்கம் ஒழுகியது. அம்மா என்னையும் தங்கையையும் கீழே இறக்கிவிட்டு, மூட்டைகளை ஈரமில்லாத பக்கம் தள்ளினாள்.

"நைனா, நனையறோம்," என்று அப்பாவிடம் தங்கை அழுதாள்.

"நீங்க நனைஞ்சா காஞ்சிடுவீங்க. கருவாடு நனைஞ்சா புழுத்துப்பூடும்," என்றாள் அம்மா. "அதோ, டச்சுக்காரன் எத்தினி காலமா மழையில படுத்துக்கினு கீறான். கரைஞ்சா பூட்டான்?"

தங்கை அழுகையினூடே சிரித்தாள். நைனா தலைத்துண்டை அவிழ்த்தார். எங்களுக்குத்தான் என்று கை நீட்டினோம். அவர் அதை மூட்டைமேல் போர்த்தினார்.

இப்போது கேரவனும் ஒழுகியது, சரியாகக் கருவாட்டுப் பைமேல். பையை என் இருக்கையில் வைத்துவிட்டு, ஒழுகும் இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா, நனையறியே," என்றாள் மகள்.

"காஞ்சிடுவேன்," என்றேன்.