வியாழக்கிழமை ஓட்டம்

கம்பெனியில் வார லீவு வந்தால்கூட எனக்கு இருப்புக் கொள்ளாது. நான் சும்மா இருக்கிற நேரத்தில் யாரோ என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பதாகவே தோன்றும். இது இன்றைக்கு வந்த வியாதி இல்லை. ஒன்பதாவது படிக்கும்போதே இருந்தது.

அந்த வருடம் மாவட்டப் போட்டியில் மூவாயிரம் மீட்டர் ஓட, எங்கள் பள்ளியிலிருந்து என்னையும் இன்னொரு பெண்ணையும் பி.டி. சார் எடுத்திருந்தார். எந்த நாளில் எத்தனை ரவுண்டு என்று ஆளுக்கொரு தாளில் எழுதிக் கொடுத்தார். புதன்கிழமைக்கு நேராக 'ஓய்வு' என்று மட்டும் இருந்தது.

"இதுல இல்லாத ஒரு ரவுண்டு ஓடினது தெரிஞ்சாலும் டீம்ல கெடையாது" என்றார்.

எனக்கு அந்த ஓய்வுதான் பயமாக இருந்தது. எங்கள் வீட்டில் பட்டுத்தறி. அமாவாசை அன்று அப்பா தறியில் உட்கார மாட்டார். ஆனால் மறுநாள் விளக்கு வைத்த பிறகும் எழுந்திருக்க மாட்டார். விட்டுப்போன முழத்தையும் சேர்த்து நெய்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ஓய்வு என்றால் மறுநாள் சேர்த்துப் பிடிக்க வேண்டியது என்றுதான் எனக்குத் தெரியும். சார் அதை எழுத மறந்துவிட்டார் என்று நானே முடிவு கட்டினேன்.

வியாழக்கிழமைதோறும் விடியுமுன் ஏரிக்கரைக்குப் போய் ஓடினேன். புதனுக்கு உண்டானது அங்கே. வியாழனுக்கு உண்டானது சாயங்காலம் கிரவுண்டில். அப்பா அந்நேரத்துக்கே தறியில் இருப்பார். நான் பின்கதவின் தாழ்ப்பாளை எடுக்கும்போது தறிச் சத்தம் சற்று நிற்கும். நான் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நிற்பேன். பிறகு மறுபடி கேட்கும். இழை அறுந்திருக்கும், முடிச்சுப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு ஓடிவிடுவேன்.

நாலாவது வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்பு விண்விண்ணென்று தெறித்தது. சார் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பல்லைக் கடித்தும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நான் எழுதிக் குடுத்ததுக்கு இப்டி வீங்காது. எக்ஸ்ட்ரா ஓடிகினு இருக்க. யாரு ஓடச் சொன்னது?"

டீம் போய்விடுமே என்ற பயத்தில் வாய் தானாகச் சொன்னது. "அப்பாதான், சார்."

"சாயங்காலம் வீட்டுக்கு வரேன்."

முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை தறிக்குப் பக்கத்தில் போனேன். மூன்று தடவையும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

"இன்னா, இன்னிக்கு என் மேல இவ்ளோ அக்கற?" என்றார் அப்பா.

பதில் சொல்வதற்குள் வாசலில் சாரின் வண்டி வந்து நின்றது. அம்மா நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"பொண்ணு கால ஒடைக்கிறதுக்கா நான் பிளான் போட்டுக் குடுத்தேன்? அவளுக்கு கோச் நானா, நீங்களா? நான் எழுதினதுக்கு மேல யாரு ஓடச் சொன்னது?"

அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து துண்டில் கையைத் துடைத்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"தப்புதாங்க சார். நான்தான் சொன்னேன். அமாவாசைக்கு விட்டத மறுநாள் சேத்துப் புடிக்கிறோம் இல்லீங்களா, அந்த மாதிரி நெனச்சிகினேன்."

"தறியும் காலும் ஒண்ணாங்க?"

"இனிமே இதுல தலையிட மாட்டேங்க."

சாருக்குக் கோபம் இறங்கியது. பத்து நாள் ஓடக்கூடாது, அதற்குப் பிறகு தாளில் இருப்பது மட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அம்மா, "நீ எப்போ அவள ஓடச் சொன்ன?" என்றாள்.

"உனக்கு அடுப்புல வேல இல்லியா?" என்று அப்பா தறிக்குத் திரும்பினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

போட்டியில் தாளில் இருந்தபடியே ஓடிய அந்தப் பெண் இரண்டாவதாக வந்தாள். நான் ஐந்தாவது. பத்தாவதோடு என் படிப்பும் ஓட்டமும் நின்றுபோயின.

அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம் இரண்டுதான்: டீமில் என் இடம் தப்பித்தது, அப்பா எவ்வளவு நன்றாகப் பொய் சொல்கிறார். அமாவாசைக் கணக்கில்தான் ஓடினேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அது அவர் வாயில் எப்படி வந்தது என்றோ, நாலு வியாழக்கிழமையும் நான் தாழ்ப்பாளை எடுக்கிற அதே நேரத்துக்கு இழை எப்படி அறுந்தது என்றோ எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.