காலித்தட்டுக்காரரின் சட்டைப்பை

பட்டறையில் அவருக்குக் காலித்தட்டு என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். பழுதுபார்க்க வரும் வால்வுகளைப் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி பூட்டுவது அவர் வேலை. கழற்றும் பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தகரத் தட்டில் அடுக்குவார். பூட்டும்போது கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பார். எல்லாம் உள்ளே போனதும் தட்டைக் கவிழ்த்து அதன் முதுகில் இரண்டு தட்டு தட்டுவார். ஒன்றும் மிச்சமில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். பார்க்க ஆளே இல்லாத நாளிலும் தட்டுவார்.

அத்தோடு விட்டால் பரவாயில்லை. வேறு யாராவது பூட்டி முடித்த பிறகு ஒரு வாஷர் மிச்சமிருந்தால், "என்னப்பா, வால்வு குட்டி போட்டிருக்கா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்பார். இருபத்தாறு வருஷமாக இந்தக் கிண்டலில் நொந்தவர்கள் அந்தப் பட்டறையில் ஏராளம்.

அன்றைக்கு மேஜையில் இருந்தது கொதிகலனுக்குப் போகும் தண்ணீரை அளந்து விடுகிற வால்வு. எட்டு நட்டுகளையும் கழற்றி மூடியைத் தூக்கி, உள்ளே மேலும் கீழும் போய்வரும் தண்டை உருவினார். தண்டின் நுனியில் திருகியிருந்த அடைப்பான் அரித்துப் போயிருந்தது. புதிதாக ஒன்றைத் திருகி, அது சுழன்று கழன்றுவிடாமல் குறுக்கே ஓட்டை போட்டு ஒரு சின்ன இரும்புப் பின் அடிக்க வேண்டும். அதையும் செய்து, எல்லாவற்றையும் பூட்டி, காற்று கொடுத்துப் பார்த்தார். தண்டு சொன்னபடி கேட்டது. தட்டைக் கவிழ்த்துத் தட்டினார். பொறியாளர் அம்மா கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையில் குழாயில் ஏற்ற வேண்டியதுதான்.

மூன்றரை மணிக்குக் கண்ணாடியை எடுக்க ஏப்ரனுக்குள் கையை விட்டுச் சட்டைப்பையைத் துழாவினார். கண்ணாடியோடு ஏதோ வந்து டிங்கென்று தரையில் விழுந்தது. விரல் நக நீளத்தில் ஒரு பின். அடைப்பானுக்கு அடிக்கிற அதே பருமன்.

அவர் குனிந்து அதை எடுத்தார். உருண்டு ஓடிவிடும் என்று பின்னை எப்போதாவது பையில் போட்டுக்கொள்கிற பழக்கம் அவருக்கு உண்டு. அப்படிப் போட்டுவிட்டு அடிக்க மறந்திருந்தால்? இன்றைக்குத் தெரியாது, நாளைக்கும் தெரியாது. இரண்டு மாசத்தில் அடைப்பான் கழன்று, தண்டு மட்டும் சும்மா ஏறி இறங்கும். தண்ணீர் போகாமல் கொதிகலன் காய்ந்து வெடிக்கலாம். அங்கே ஆட்கள் நிற்பார்கள்.

அதைவிட இன்னொன்று அவரை உலுக்கியது. பின்னை அடித்தது நினைவிருந்தது, பையில் போட்டது சுத்தமாக நினைவில்லை. அவருடைய அண்ணனுக்கு இவரைவிட இரண்டே வயது அதிகம். போன வருஷத்திலிருந்து ஒரே கேள்வியை ஃபோனில் மூன்று தடவை கேட்கிறார். இவருக்குக் கைதான் சோறு போடுகிறது என்று ஊரெல்லாம் நினைக்கிறது. உண்மையில் போடுவது ஞாபகம். இது போனால் தான் யார் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்னைக் குப்பையில் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் நேரே பொறியாளர் அம்மாவிடம் போய் உள்ளங்கையை விரித்தார்.

"மேடம், இது என் பையில இருந்தது. வால்வைத் திறக்கணும்."

"நீங்களா?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மா உடனே குரலை இறக்கினார். "திறங்கண்ணே. நானும் வரேன்."

பட்டறையே கூடிவிட்டது. குட்டி போட்ட கதையை ஒருவர் ஆரம்பித்தார், காலித்தட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும் மென்று விழுங்கினார். நட்டுகள் கழன்றன, மூடி எழுந்தது, தண்டு வெளியே வந்தது. இரும்புப் பின் அதன் இடத்திலேயே இருந்தது. அது நழுவாமலிருக்க இருபுறமும் அவர் வழக்கமாகக் குத்தி வைக்கும் புள்ளிகளும் இருந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். அவர் கசியாமலிருக்க மூடிக்கடியில் புது கேஸ்கட் வைத்துப் பூட்டி, மறுபடி சோதித்தார். தட்டைக் கவிழ்க்க மறந்தாரோ, மனசில்லையோ, தட்டவில்லை. அப்படியானால் இந்தப் பின் எங்கிருந்து வந்தது?

வீட்டில் மனைவி ஜன்னலோரம் தையல் மெஷினுக்கு முன் உட்கார்ந்திருந்தாள். அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டினார்.

"எனக்கும் அண்ணனை மாதிரி ஆகுதோன்னு பயமா இருக்கு."

அவள் பின்னை வாங்கிப் பார்த்தாள். "இது இந்த மெஷினோடதுங்க. துணியை அழுத்துற பாதத்தைத் தூக்குமே, அந்தக் கைப்பிடியில இருக்கறது. ஓட்டை பெருசாகி விழுந்து விழுந்து போகுது, கொஞ்சம் தடியா ஒண்ணு கொண்டாங்கன்னு சொல்லி நான்தான் பையில போட்டேன். காலையில நீங்க ஷூ மாட்டும்போது. நீங்களும் 'உம்'னு சொன்னீங்க."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. "அப்ப எனக்கு மறதி இல்லையா?"

"மறக்கறதுக்கு முதல்ல காதுல வாங்கியிருக்கணுமே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போனாள். நூல் ஊசியைத் தாண்டிப் போயிற்று, இரண்டாம் தடவையும் தாண்டிப் போயிற்று. அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காலையில வேற என்ன சொன்னே?"

"மூணு சொன்னேன். பின் மூணாவது."

"முதல்ல இருந்து சொல்லு."

"வலது கண்ணு மங்கலா இருக்குன்னேன். பத்து நாளா."

பத்து நாளாக அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள், தான் எத்தனை உம் கொட்டியிருப்போம் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அங்கேயே ஃபோனை எடுத்தார்.

"மேடம், நாளைக்கு லீவு வேணும். வீட்டுல அவங்களைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். வால்வை ஏத்திடுங்க. அதான் திறந்து பாத்துட்டோமே."

ஃபோனை வைத்துவிட்டு, அவள் கையிலிருந்து ஊசியை வாங்கி நூலைக் கோத்துக் கொடுத்தார்.

"ரெண்டாவது என்ன சொன்னே?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்கன்னு சொன்னேன்."

அவர் குனிந்து பார்த்தார். மேலே ஒரு பொத்தான் மிச்சம், கீழே ஒரு ஓட்டை மிச்சம். அவள் எழுந்து வந்து, ஒவ்வொன்றாகக் கழற்றி, கீழேயிருந்து சரியாகப் போட்டுவிட்டாள்.