பியோர்ன் என்ற பெயருக்கு அர்த்தம் சொல்லப்போய்

போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் போய்வந்தேன். கல்லூரித் தோழி எஸ்தரின் குழந்தைக்கு ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தாய், பிள்ளையை ஏந்திப் பெயரைச் சொல்ல வேண்டியவள். வேலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். நின்று நின்று போகும் பஸ்ஸில் மட்டும் ஏறிவிடாதீர்கள், இரண்டு மணி நேரம் இழுத்துவிடும். ஆம்பூரில் இறங்கியதும் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

எஸ்தரின் கணவர் சாமுவேல் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறார். பிள்ளைக்குப் பியோர்ன் என்று பெயர் வைக்கப் போவதாகச் சொன்னார். அது ஸ்வீடனிலிருந்து சரக்கைச் சோதிக்க வருபவரின் பெயர். எஸ்தருக்கு வலி எடுத்த அன்று இன்ஸ்பெக்‌ஷன் இருந்ததால் மேனேஜர் லீவு தரவில்லை. "அந்த மனுஷன் தான் வந்த கார்லயே என்னை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாருக்கா. புள்ள பொறக்கறப்ப நான் அங்க இருந்தேன்" என்றார்.

சர்ச்சுக்குக் கிளம்பும்போது வீடு நிறைய உறவுக்காரர்கள். "இன்னா பேருப்பா இது? அர்த்தம் இன்னா?" என்று எஸ்தரின் பெரியப்பா கேட்டார். சாமுவேல் என்னைப் பார்த்தார். நான் போனில் தேடினேன். ஸ்வீடன் பக்கத்துப் பழைய மொழியில் கரடி என்று போட்டிருந்தது. அதற்குக் கீழேயே, அங்கே கரடி பலத்துக்கும் தைரியத்துக்கும் அடையாளம், அதனால்தான் காலங்காலமாக ஆண்பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் என்றும் இருந்தது. இரண்டையும் படித்தேன். சொன்னது ஒன்றைத்தான்.

"கரடியாம் பெரியப்பா!"

வீடே சிரித்தது. சிரிக்க வைத்துவிட்ட குஷியில் நானும் சிரித்தேன். "ஸ்கூல்ல கரடி கரடின்னு பேஜார் பண்ணிடுவானுங்க" என்றார் பெரியப்பா. சாமுவேல் மட்டும் பிள்ளையின் குல்லாவைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

சர்ச் வாசலில் என் பக்கத்தில் வந்தார். "அக்கா, சர்ச் ஐயர் பேரு கேட்டா டேவிட்னு சொல்லிடுங்க."

பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு நானே சொன்னேன், டேவிட் என்று. சே, என்ன பிறவி நான்! என் மகன் பெயர் லியோ. சிங்கம் என்று அர்த்தம் சொல்லி எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். அதற்கு ஒருத்தர்கூடச் சிரித்ததில்லை.

பிரியாணிப் பந்தியில் சாமுவேலிடம் மீதியையும் சொன்னேன். "அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா" என்றார். கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. கத்தரிக்காய்த் தொக்கு பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள்; நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு சாயங்காலம் வேலூர் பஸ்ஸில் கூட்டம் ஜாஸ்தி, நாலு மணிக்குள் ஏறிவிடுங்கள். யாராவது பிள்ளையின் பெயருக்கு அர்த்தம் கேட்டால் முழுசாகச் சொல்லுங்கள். முடியாதென்றால் தயவுசெய்து வாயை மூடிக்கொண்டிருங்கள்.

பஸ் ஏற்றிவிட வந்த சாமுவேல் போனை நீட்டினார். பியோர்ன் காலையிலேயே அனுப்பிய படம். ஆம்பூரில் ஒரு பிள்ளைக்குத் தன் பெயரை வைக்கிறார்கள் என்று, அவரும் அவர் மனைவியும் கேக் வெட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"அடுத்த மாசம் புள்ளைய பார்க்க வர்றாராம். அவருகிட்ட இன்னான்னு சொல்றது, அக்கா?"