ஹோல்ட் ஆன்... இருக்கீங்களாங்க?

அந்த ரிசீவரில் எப்போதும் மெஷின் ஆயில் வாசம் அடிக்கும். எத்தனை முறை துடைத்தாலும் போகாது...

தொண்ணூறுகளில் துடியலூர் பக்கம் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனி. அங்கே நான் டெலிபோன் ஆபரேட்டர். தமிழ் மீடியத்தில் படித்தவள். அப்பா வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் வேலை இன்னும் கன்ஃபர்ம் ஆகவில்லை.

முதல் நாளே மேனேஜர் சொல்லிக்கொடுத்தார்.

“கால் வந்தா ‘ப்ளீஸ் ஹோல்ட் ஆன்’னு சொல்லோணும் அம்மணி. லைன்லயே இருங்கன்னு அர்த்தம். சொல்லிப்போட்டு கம்முனு இருக்கோணும்.”

முதல் பாதி வந்துவிட்டது. கம்மென்று இருப்பதுதான் வரவில்லை...

வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிடுவோமா? நடுவில் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை பேச மாட்டோமா? அப்படித்தான் நானும். “ஹோல்ட் ஆனுங்க” என்பேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி லைனுக்குப் போய், “இருக்கீங்களாங்க? வந்துட்டே இருக்காருங்க” என்பேன்.

மேனேஜருக்குத் தலைவலி.

“இது ஆபீஸா, சொந்தக்காரங்க ஊடா? இப்படியே பண்ணுனா உன்னைய கன்ஃபர்ம் பண்ண முடியாது அம்மணி.”

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுவாரம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு கால். எங்கள் ஃபவுண்டரியில் இரும்பு வார்க்கும் வேலை பார்த்த முருகேசண்ணனின் அம்மா. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். மருமகளுக்குப் பிரசவ வலி, ஆபரேஷன் பண்ண வேண்டும் என்கிறார்களாம்.

“கையும் ஓடல, காலும் ஓடலீங்க அம்மணி... எம் பையன் ஒரு வார்த்தை சொல்லோணுமுங்க.”

ஃபவுண்டரி காம்பவுண்டின் கடைசியில் இருந்தது. வாட்ச்மேனை ஓடச் சொல்லிவிட்டு, “ஹோல்ட் ஆனுங்கம்மா” என்றேன். அந்த அம்மாவுக்கு அது புரிந்திருக்காது. அதனால் லைனை விட்டு நான் நகரவே இல்லை.

“இருக்கீங்களாங்கம்மா?”

“இருக்கேன் கண்ணு. வெச்சுப்போடாதே கண்ணு...”

“வெக்க மாட்டேனுங்க.”

நிமிர்ந்தால், எதிரே மேனேஜர். அந்த நேரம் பார்த்து இரண்டாவது லைனும் அடித்தது. டெல்லியிலிருந்து ஒரு பெரிய கஸ்டமர் கூப்பிடுகிற நேரம் அது. அவ்வளவுதான், வேலை போச்சு என்று நினைத்தேன்.

மேனேஜர் அந்த ரிசீவரை அவரே எடுத்தார். “ப்ளீஸ் ஹோல்ட் ஆன், சார்” என்றார். என்னைப் பார்த்து, நீ பேசு என்று கை காட்டினார். கொஞ்ச நேரம் கம்மென்று நின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு...

“சார்... ஆர் யூ தேர்?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

முருகேசண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்து பேசினார். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த மாதம் எனக்கும் வேலை கன்ஃபர்ம் ஆனது.

இப்போது எங்கே கூப்பிட்டாலும் ஹோல்டில் போட்டு மியூசிக் வைக்கிறார்கள். நல்ல மியூசிக்தான்... அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா என்பதுதான் தெரிவதில்லை.

போன வாரம் பெங்களூரிலிருந்து என் மகள் பேசினாள். பாதியில் அவளுக்கு ஆபீஸ் கால். “அம்மா, ஹோல்ட் ஆன்” என்று போய்விட்டாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

“ம்மா... இருக்கீங்களா? இதா வந்துட்டேனுங்க.”

இதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

“இருக்கேன் கண்ணு” என்றேன். வெங்காயம் வேறு கண்ணைக் கரித்தது.