செல்வியின் ஏழாவது மனு

போன வாரம் ரேஷன் கார்டில் பேர் திருத்த இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். அங்கே இருந்த பெண் இங்கிலீஷ் எழுத்தைத் தட்டத் தட்ட, திரையில் தமிழ் வந்துகொண்டே இருந்தது. என்னையறியாமல் என் விரல்கள் மடியிலிருந்த பையின் மேல் டைப்ரைட்டர் முதல் பாடத்தின் ய, ள, ன, க என்று தட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

நான் அஞ்சாங்கிளாஸ் வரைதான். தொண்ணூத்து மூணில் விழுப்புரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டைக் கூட்டிப் பெருக்கப் போனேன். மிஷின் எண்ணெயும் ரிப்பன் மையும் கலந்த அந்த வாசனை, இப்பவும் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டால் மூக்குக்கு வந்துவிடும். மத்தியானத்தில் சும்மா கிடந்த தமிழ் மிஷினில் உட்கார்ந்து பழகினேன். எனக்கு ஆளைப் பார்த்துப் பேச வராது. மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் யாரும் முகத்தைப் பார்க்கச் சொல்வதில்லை. அதுவே பெரிய நிம்மதி.

அந்த விரல் பழக்கம்தான் திண்டிவனத்தில் ஜோசப் சாரின் டைப்பிங் கடையில் வேலை வாங்கிக் கொடுத்தது. கம்ப்யூட்டர்தான், ஆனாலும் அதிலிருந்த தமிழ் புரோகிராம் எங்கள் டைப்ரைட்டர் மாதிரியே. கட்டைகளில் இருந்த இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை.

திங்கட்கிழமைதோறும் விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள். அதை அடித்து வாங்கிக்கொண்டு போக ஜனங்கள் காலையிலேயே கடைக்கு வருவார்கள். பழைய மனுவைத் திறந்து, தேதியை மாற்றி, 'பார்வை' என்று போட்டிருக்கும் இடத்தில் முன்னால் கொடுத்த மனுக்களின் நாளையும் எண்ணையும் சேர்த்துக் கொடுப்பேன். அந்த வரிகள்தான் மனுவுக்கு வயசு. அவை இல்லாவிட்டால் புது ஆளாக வரிசையின் கடைசியில் நிற்கவேண்டியதுதான்.

பெருமுக்கல் செல்வி வீட்டுமனைப் பட்டாவுக்கு ஆறு மனு கொடுத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் வேலையை விட்டுவிட்டு வரவேண்டும். ஒரு மழையில் கூரை ஒழுகி அவளுடைய ரசீதெல்லாம் கூழாகிப்போனது. அழுதுகொண்டே வந்தாள். தானாக வாயைத் திறக்காத நான் அன்றைக்குத் திறந்தேன்.

"எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சி செல்வி. இனிமே பேப்பரக் கட்டிக்கினு அழுவாத."

அந்தப் பெருமைதான் எனக்கு வினை.

வீட்டுக்கு வீடு டிவி கொடுத்தார்களே, அந்தச் சமயம். திருட்டு சிடி போட்ட கம்ப்யூட்டரையெல்லாம் செக் பண்ண வருகிறார்கள் என்று கடைத்தெருவில் பேச்சு. வைரஸ் வேறு இரண்டு கல்யாணப் பத்திரிகையைத் தின்றிருந்தது. ஒரு சனிக்கிழமை சார் நாங்கள் அடித்த ஃபைல்களை மட்டும் சிடியில் எடுத்து வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பென்குயின் படம் போட்ட சிடியிலிருந்து கம்ப்யூட்டரை ஓட்டும் புரோகிராமையே புதுசாக ஏற்றினார்.

"ஓசிதான்க்கா. வைரஸ் வராது, எவனும் வந்து கேக்க மாட்டான்."

திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாகச் செல்வி. அவள் ஃபைலைத் திறந்தேன். ஒரு எழுத்துகூட எழுத்தாக இல்லை.

அவள் எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா இது, கொசு அடிச்சி ஒட்டுன மாதிரி இருக்குது?"

சார் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். "ஃபைலு எங்கியும் போவலக்கா, எல்லாம் இருக்குது. அதத் தமிழாக் காட்டுற ஃபான்ட்டத்தான் எடுத்து வைக்க மறந்துட்டேன்."

இருக்கிறதென்றால் படியுங்கள் சார் என்று கேட்க நாக்கு வரை வந்தது.

சரி, புதுசாக அடிக்கலாமென்று உட்கார்ந்தால் அதுவும் இல்லை. கட்டைகளில் எழுத்து இடம் மாறியிருந்தது. டைப்ரைட்டர் ஆட்கள் கொம்பை முதலில் போட்டுவிட்டு அப்புறம்தான் எழுத்தைப் போடுவோம். இதில் கொம்பு தனியாக ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. 'செல்வி' என்ற பேரை நாலு தரம் அடித்தும் வரவில்லை. பதினைந்து வருஷம் உழைத்த விரல்கள் மரக்கட்டை மாதிரி கிடந்தன. அவளுக்கு பஸ் நேரம் ஆகிக்கொண்டிருந்தது. கடைசியில் என் அஞ்சாங்கிளாஸ் கையெழுத்தில் வெள்ளைத் தாளில் எழுதினேன். பார்வை என்ற இடத்தில் 'முன்பு ஆறு முறை' என்பதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தவள் ரசீதை மேஜைமேல் வைத்தாள். நம்பர் இல்லாமல் ஆறு என்றால் யார் நம்புவது என்று கேட்டார்களாம். முதல் மனு என்றே பதிந்து அனுப்பிவிட்டார்கள்.

"நீதானக்கா பேப்பரு வேணாம்னு சொன்ன" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நாலு மாசத்தில் அந்தப் புதுசும் எனக்குப் பழகிவிட்டது. அதன்மேல் குறை சொல்லக்கூடாது, அதற்கப்புறம் அடித்ததெல்லாம் இன்றைக்கு எந்த போனிலும் தமிழாகவே தெரிகிறது. முன்னால் அடித்ததுதான் போய்விட்டது.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். மூடுகிற அன்று சார் பழைய ஃபைல்கள் இருந்த சிடியை என்னிடம் கொடுத்தார். அதைப் போட்டுப் பார்க்கும் பெட்டியே இப்போதெல்லாம் கண்ணில் படுவதில்லை. அதற்கப்புறம் ஒருநாள் செல்வியை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பட்டா இன்னும் வரவில்லை.

"அக்கா, அந்த ஆறும் உங்கிட்ட இருக்குது இல்ல?"

"இருக்குது" என்றேன். பொய் இல்லை. பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கிறது.